பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைக்கு என்ன கொடுப்பது? நம்ம ஊர்ச் சாப்பாட்டை வைத்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பாப்கார்ன், ஆப்பிள், நாச்சோஸ், கேரமல், ஐஸ் கட்டி என்று அதில் சொல்லியிருந்ததெல்லாம் சரியான தகவல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேலத்தில் ஒரு பிள்ளை சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் கேட்பது நாச்சோஸ் இல்லை, தட்டுவடை செட். அம்மாபேட்டையிலும் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி நிற்கிறது, வண்டியைச் சுற்றி நிற்பதில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள், அதில் கிளிப் போட்ட பிள்ளைகள் இப்போது ரொம்பவே அதிகம். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அந்தக் கட்டுரையில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், கிளிப் போட்டிருக்கிறாள். என் அக்கா பையனுக்கும் போட்டிருக்கிறது, அவன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு எனக்கு நிச்சயமாகத் தெரிவது, கிளிப் போட்ட பிள்ளைக்குத் தனிச் சமையல் எதுவும் வேண்டாம், வீட்டில் செய்வதையே வேறு விதமாகக் கொடுத்தால் போதும். எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதைவிட எப்படி வெட்டிக் கொடுக்கிறோம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுகிறார்கள், சாப்பிட்ட பின் வாய் கழுவ அவர்களுக்கு நேரம் விடுகிறோமா, இந்த மூன்றும்தான் பெரிய விஷயம். மூன்றாவது வீட்டோடு முடிவதில்லை, பள்ளிக்கூடமும் விடுதியும் மனசு வைக்க வேண்டும்.

முதலில் கிளிப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் சாப்பாட்டு விஷயம் வெறும் "அதைத் தின்னாதே இதைத் தின்னாதே" என்ற அதட்டலாகத்தான் பிள்ளைக்குக் கேட்கும். ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு சின்ன பிராக்கெட்டைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். எல்லா பிராக்கெட் வழியாகவும் ஒரே கம்பி ஓடுகிறது, கம்பி நழுவாமல் இருக்கக் குட்டி ரப்பர் வளையம் மாட்டுகிறார்கள். பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த் திசு இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிவிடும், எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். பல் நகர்வது இப்படித்தான், அதனால்தான் ஒன்றரை வருஷம் இரண்டு வருஷம் என்று ஆகிறது, அவசரப்படுத்த முடியாது.

அந்தப் பசை கம்பி இழுக்கிற மெதுவான இழுப்பைத் தாங்கும். முன்பல்லால் முறுக்கைக் கடித்து ஒடிக்கும்போது ஒரே நொடியில் பக்கவாட்டில் விழும் வேகத்தைத் தாங்காது, பிராக்கெட் பெயர்ந்து கம்பியில் தொங்கும். அந்தப் பல் அதோடு நின்றுவிடும், கொஞ்சம் தாமதித்தால் வந்த வழியே திரும்பவும் செய்யும். திரும்ப ஒட்ட வேண்டும், சில இடங்களில் அதற்குத் தனியாகப் பணம், சிகிச்சையும் நீளும். கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போன நாள். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் நிலைமை இன்னும் சிரமம். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்துப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை கம்பி பெயர்ந்து கன்னத்தில் குத்தினால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும், பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பி கன்னத்தைக் கீறும். அதனால் மலையில் இருக்கிறவர்கள் பல் மருத்துவர் கொடுக்கும் மெழுகை எப்போதும் பையில் வைத்திருங்கள். உருண்டையாகப் பிடித்துக் குத்துகிற முனையில் அமுக்கி வைத்தால் ஊர் வந்து சேரும் வரை தாங்கும். கம்பியை வீட்டில் இருக்கும் கத்தரியால் வெட்டப் பார்க்க வேண்டாம். பெயர்ந்த பிராக்கெட் கையோடு வந்துவிட்டால் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு போங்கள். பிள்ளை தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் அது மலத்தோடு வெளியே போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அந்த நிமிஷமே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

கிளிப் போட்ட முதல் மூன்று நாலு நாள், அப்புறம் ஒவ்வொரு முறை கம்பியை முடுக்கிவிட்டு வந்த பிறகு இரண்டு நாள், வலி இருக்கும். மறுநாள்தான் உச்சம், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இந்த நாட்களில் பல பிள்ளைகள் சாப்பிடாமலேயே கிடந்து இளைத்துப் போகிறார்கள், தாய்மார்கள் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து ஓட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது, ஏனென்றால் மெல்லாமல் சாப்பிடும் சாப்பாடு நம் பக்கம் இருக்கிற அளவுக்கு வேறு எங்கே இருக்கிறது? ராகிக் களியை யாராவது மென்று தின்கிறார்களா? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே வழக்கம். கீரைக் கடைசலோ பருப்போ ஊற்றி ஒரு உருண்டை களி உள்ளே போனால் பிள்ளைக்கு அரை நாள் பசிக்காது, 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. கம்மங்கூழில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுக்கலாம், சின்ன வெங்காயத்தை மட்டும் கடிக்கக் கொடுக்காமல் பொடியாக நறுக்கிக் கூழிலேயே போட்டுவிடுங்கள். சில்லென்ற மோரைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினால் வலிக்கு இதமாக இருக்கிறது என்று மகள் சொல்வாள். குழைந்த ரசம் சாதம், தேங்காய்ப்பால் விட்ட இடியாப்பம், பருப்பும் நெய்யும் பிசைந்த சாதம், அவித்த முட்டையை மசித்து மிளகுத்தூள் போட்டது, முள் எடுத்த மீன், எல்லாமே ஆகும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நம் மாவட்டத்துப் பயிர். வெந்ததும் நடுவில் இருக்கும் நரம்பை உருவிப் போட்டுவிட்டு மசித்துத் தாளித்துக் கொடுத்தால் மகள் விரும்பிச் சாப்பிடுகிறாள். அந்தக் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசியும் கஞ்சியாகக் காய்ச்ச நல்லது, ஆனால் அது மாவுப் பொருள், கம்பிக்கடியில் கூழாக ஒட்டிக்கொள்ளும், குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

பல் போன பெரியவர்களுக்கு நம் வீடுகளில் யாரும் பட்டியல் கேட்டுச் சமைத்ததில்லை. என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, வெற்றிலையைச் சிற்றுரலில் இடித்துக் கொடுப்போம், கறியை மசிய வேக வைப்போம், சப்பாத்தியைக் குழம்பில் ஊற வைத்துப் பிய்த்துப் போடுவோம், வீட்டில் எல்லாருக்கும் ஆன அதே சாப்பாடுதான் அவருக்கும். அந்தக் கைப்பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதையே இந்தப் பிள்ளைகளுக்கும் செய்யலாம்.

வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பொதுவாகப் பாரசிட்டமால்தான் சொல்வார்கள். வீக்கத்தைக் குறைக்கும் வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் பல் நகர்வதே மெதுவாகலாம் என்று சொல்வதுண்டு, அதனால் எது, எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி போன பிறகுதான் உண்மையான சோதனை. பிள்ளைக்குப் பழைய மாதிரி எல்லாம் தின்ன முடியும் என்று தைரியம் வந்துவிடும். தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன் மேல் சட்னி. நடுவில் இருப்பதெல்லாம் துருவல், அதில் ஒரு கெடுதலும் இல்லை, கடிக்கும்போது நொறுங்குகிற அந்தத் தட்டுவடைதான் பிராக்கெட்டைப் பெயர்க்கிறது. அதே வண்டியில் கிடைக்கும் நொறுக்கல் என்ற பண்டமும் அப்படியே, நொறுக்கித் தந்தாலும் அதில் முறுக்குத் துண்டு கூர்கூராக நிற்கும். எங்கள் தெருமுனை வண்டிக்காரரிடம் நான் சொல்லி வைத்தேன், மகளுக்குத் தட்டுவடைக்குப் பதில் பொரியில் அந்தக் காயையும் இரண்டு சட்னியையும் போட்டுக் கொஞ்சம் ஊற விட்டு, நிலக்கடலை இல்லாமல் கொடுக்கிறார். அவரே இப்போது கிளிப் போட்ட மற்ற பிள்ளைகளையும் பார்த்துக் கேட்டுப் போடுகிறார். தோழிகள் எல்லாம் வண்டியைச் சுற்றி நிற்கும்போது இவள் மட்டும் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டிய நிலை இல்லாமல் போனதே, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. வயசுப் பிள்ளைகளுக்குப் பல் வலியைவிட அந்த ஒதுங்கல்தான் அதிகம் வலிக்கும்.

பீட்ரூட் என்றதும் சொல்ல வேண்டியது, கறை. பீட்ரூட்டைவிட மஞ்சள்தான் மோசம். நம் குழம்பிலும் பருப்பிலும் மஞ்சள் இல்லாத நாள் ஏது? கண்ணாடி மாதிரித் தெரியும் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டால் இரண்டே நாள் சாம்பாரில் அது பழுப்பு மஞ்சளாகிவிடும், பல்லே அழுக்காக இருப்பது போலத் தெரியும். பல் நிறத்தில் வரும் செராமிக் கிளிப் அதிக விலை கொடுத்துப் போடுகிறவர்களுக்கும் இதே கதை, பிராக்கெட் அப்படியே இருக்கும், ரப்பர் மஞ்சளாகும். அடர்ந்த நீலமோ சாம்பலோ கேட்டு வாங்கிப் போட்டால் கறை தெரியாது, எப்படியும் அடுத்த தடவை போகும்போது மாற்றிவிடுவார்கள். அதற்காக மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை.

மாம்பழக் காலத்தில் சேலத்துப் பிள்ளையிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சொல்லவே வேண்டாம். மல்கோவா நல்ல சதைப்பற்று, நார் மிகவும் குறைவு, தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தால் கிளிப்புக்கு அதைவிட இதமான பழம் கிடையாது. நார் அதிகமுள்ள பழத்தைக் கடித்து உறிஞ்சினாலும், கொட்டையைச் சப்பினாலும் நார் முழுக்கக் கம்பியில் சுற்றிக்கொள்ளும், அதை எடுக்கிற பாடு பிள்ளைக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட பழத்தைச் சாறாகப் பிழிந்துவிடலாம். மாங்காய் கீற்றில் மிளகாய்த்தூள் போட்டுக் கடிப்பதை நிறுத்தத்தான் வேண்டும், காயும் கெட்டி, புளிப்பும் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும். மாங்காய்ப் பச்சடியாகக் கொடுங்கள், சாப்பாட்டோடு சேர்ந்து போய்விடும்.

ஏற்காட்டுப் பழங்களில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெண்ணெய்ப் பழம் முதல் நாளே கொடுக்கலாம், அவ்வளவு மெத்து. ஆரஞ்சைச் சுளையின் மேல்தோல் உரித்துக் கொடுக்க வேண்டும். பேரிக்காய் கெட்டி, அதை மெல்லிய வில்லைகளாகச் சீவி ஆவியில் ஒரு கொதி காட்டிவிடலாம். கொய்யாவில் சதை பிரச்சினை இல்லை, விதை பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது, விதைப் பகுதியை ஸ்பூனால் தோண்டி எடுத்துவிடுங்கள். பலாச்சுளை இழுவை, பொடியாக நறுக்க வேண்டும். ஏரிக்கரையில் வண்டியில் விற்கிற மக்காச்சோளத்தை அப்படியே கடிக்கக் கூடாது, வேக வைத்ததாக வாங்கி முத்தை உதிர்த்துச் சாப்பிடலாம். மிளகாய் பஜ்ஜி மெத்தென்று இருப்பதால் துண்டு போட்டுச் சாப்பிடத் தடையில்லை.

அப்புறம் பண்டிகை. ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது நம் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு தீபாவளிக்குச் சமம். தேங்காயின் கண்ணைத் திறந்து, வெல்லம், பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை எல்லாம் உள்ளே போட்டு, குச்சியில் செருகி நெருப்பில் வாட்டி, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்பது. கிளிப்புக்கு ஆகாத இரண்டும் ஒரே பண்டத்தில் சேர்ந்திருக்கிறது, தேங்காய்ச் சில்லு கெட்டி, வெல்லம் பிசுபிசுப்பு. சுடுவதையோ கூடி நின்று உடைப்பதையோ பிள்ளையிடமிருந்து பறிக்க வேண்டாம். உள்ளே வெந்திருக்கும் பூரணத்தை ஸ்பூனால் எடுத்துக் கொடுங்கள், பருப்பு வேகாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லைக் கடிக்கக் கொடுக்காமல் துருவிக் கலந்து கொடுங்கள், அந்தப் புகை வாசம் துருவலிலும் இருக்கும். தின்றதும் பிரஷ். பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்க வழியே இல்லை, பனங்கிழங்கும் அப்படித்தான். பொரிவிளங்காய் உருண்டை, கமர்கட், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய், சூயிங்கம், இவை கிளிப் கழற்றும் வரை வீட்டுக்குள் வராமல் இருப்பது நல்லது, பெரியவர்களும் அந்தப் பிள்ளை முன்னால் தின்னாமல் இருக்கலாம்.

கல்யாணப் பந்தியில் வேறொரு தொல்லை. "ஒரே ஒரு முறுக்கு தின்னா என்ன ஆயிடும், கட்டிக்கொடுத்த வீட்ல இப்படித்தான் பிகு பண்ணுவியா" என்று அத்தையும் பெரியம்மாவும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். பிள்ளை சங்கடப்பட்டுக் கடித்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். வடையைச் சாம்பாரில் அமுக்கி ஊற விடலாம், அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம், முருங்கைக்காயைச் சப்பாமல் ஸ்பூனால் வழித்துக்கொள்ளலாம், கறி விருந்தென்றால் எலும்பு இல்லாத துண்டோ கொத்துக்கறியோ கேட்டு வாங்கலாம். இலையில் எதையும் ஒதுக்க வேண்டியே வராது.

பிராக்கெட் பெயர்வது கண்ணுக்குத் தெரியும், உடனே ஓடுகிறோம். அதைவிடப் பெரிய சேதம் சத்தமில்லாமல் நடக்கிறது, அதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். நாம் இனிப்போ மாவோ சாப்பிடும் ஒவ்வொரு தடவையும் வாயில் இருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம், அது 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும், எச்சில் அதைச் சரிக்கட்டச் சுமார் அரை மணி நேரமாவது வேண்டும். கிளிப் போட்ட வாயில் எச்சில் போய்ச் சேராத இடுக்குகள் அதிகம். பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைத் தழும்பு விழுவதற்கு ஒரு மாதம்கூடப் போதும். கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் தெரியும், அது முழுவதும் மறைவது கடினம். இத்தனை செலவும் இத்தனை வலியும் பட்டு அப்படி ஆனால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

அதனால் இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒரு லட்டைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டு வாய் கழுவினால் ஒரு தடவையோடு போயிற்று. ஒரு பாட்டில் குளிர்பானத்தை மத்தியானம் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தால் பல் அத்தனை நேரமும் அமிலத்தில் ஊறுகிறது. காலையில் ஒரு காபி, பதினோரு மணிக்கு பிஸ்கட், மூன்று மணிக்கு டீயும் பன்னும், டியூஷன் போகும்போது ஒரு சாக்லேட் என்று பழகிய பிள்ளைகளுக்கு இந்த இடைத்தீனியைக் குறைப்பதுதான் முதல் வேலை. பசித்தால் சுண்டல் மசிய வேக வைத்துக் கொடுங்கள், வாழைப்பழம் கொடுங்கள், மோர் கொடுங்கள். கம்பிக்குப் பதில், கழற்றி மாட்டுகிற, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தட்டு வகை (அலைனர்) போட்டவர்கள் சாப்பிடும்போது கழற்றிவிடலாம், அவர்களுக்குக் கடிப்பதில் தடையில்லை, ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், மாட்டியிருக்கும்போது தண்ணீர் தவிர வேறெதுவும் ஆகாது. அவர்களுக்கும் கொறிக்கிற பழக்கம்தான் எதிரி.

ஃபுளோரைடு பேஸ்ட் பற்றி நம் பக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமான பயம்தான். சேலம், தருமபுரி பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கறை சிறுவயதில், ஈறுக்குள் பல் உருவாகும் வருஷங்களில், குடித்த தண்ணீரால் வருவது. பத்தாவது படிக்கும் பிள்ளை பேஸ்டைத் தேய்த்துத் துப்புவதால் அது வராது, கிளிப் போட்ட பல்லுக்கு அந்த பேஸ்ட்தான் காவல். ஏற்கெனவே அப்படிக் கறை உள்ள பல்லென்றால் பசை சரியாகப் பிடிக்காமல் பிராக்கெட் அடிக்கடி பெயர வாய்ப்புண்டு, எனாமல் பசைக்கு முன் வைக்கும் மருந்துக்கு எளிதில் இளகாது. எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை என்பதை ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டிலும் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தேவைப்படும்.

இப்போது பள்ளிக்கூடங்களிடம் கேட்க வேண்டியது. ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், மதியம் சாப்பிட்டதும் குழாயடியில் வாய் கொப்பளித்துக் கொண்டிருந்த பிள்ளைகளை "அழகு பார்க்க இதுவா நேரம்" என்று சத்தம் போட்டு வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. அதற்கப்புறம் அவள் மதியச் சாப்பாட்டையே பாதி சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினாள், பல்லில் கறிவேப்பிலையும் கடுகும் ஒட்டிக்கொண்டு வகுப்பில் உட்காரக் கூச்சம். நானும் வகுப்பாசிரியையைப் பார்த்துப் பேசினேன், அந்த அம்மா புரிந்துகொண்டார், நன்றி. ஆனால் ஒவ்வொரு தாயும் போய்ப் பேசித்தான் ஐந்து நிமிஷம் வாங்க வேண்டுமா? சாப்பாட்டு இடைவேளை முடிந்த பின் கிளிப் போட்ட பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷமும், ஒரு குழாயும், முகம் பார்க்க ஒரு கண்ணாடியும் போதும். பையில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற இடைப்பல் பிரஷ் வைத்திருந்தால் அதைப் பிடுங்கி வைக்காமல் இருந்தால் போதும். கத்தி கொண்டுவர முடியாது என்பதால் பழமோ காயோ வீட்டிலேயே நறுக்கி அனுப்புவது நம் பொறுப்பு.

விடுதிப் பிள்ளைகள் நிலைமைதான் எனக்கு அதிகம் கவலை. நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியோடு உள்ள பள்ளிகளில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். அக்கா பையன் கிளிப் போட்டுக்கொண்டு விடுமுறை முடிந்து போனதும் முதல் வாரம் இரவுச் சப்பாத்தியைத் தொடவே முடியவில்லை, ஆறிப் போய்த் தோலாக இருக்கும், அந்த வாரம் முழுக்கப் பாலும் வாழைப்பழமும்தான். சமையல்காரரிடம் கேட்டால் தனியாகச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள், அவர் சொல்வதிலும் தப்பில்லை, நூற்றுக்கணக்கான பேருக்கு ஆக்குகிறவர். அக்கா நேரில் போய்க் கேட்டது ஒன்றுதான், காலையில் ஆகும் இட்லியில் நாலு எடுத்து வைத்து இரவு பருப்பில் ஊறப் போட்டுக் கொடுங்கள் என்று. அதற்கு உடனே சரி என்றார்கள். கேட்கும் விதத்தில் கேட்டால் நடக்கிற காரியம்தான், அந்தக் கேள்வியைப் பதினாலு வயசுப் பையன் தனியாகக் கேட்க முடியாது, பெற்றவர்களோ காப்பாளரோ கேட்க வேண்டும்.

கடைசியாக மருத்துவர்களிடம். கிளிப் போட்டு முடித்ததும் கையில் கொடுக்கும் தாள் பல இடங்களில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதில் இருப்பதும் அதே பாப்கார்ன், பேகல், டாஃபி. வீட்டில் சமைக்கிற அம்மாவும் அம்மாயியும் படிக்க முடியாத தாளால் யாருக்கு என்ன பயன்? சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே படிக்கிற மாணவர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், தட்டுவடையும் களியும் தெரிந்தவர்கள். அவர்கள் உட்கார்ந்தால் ஒரே நாளில் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிவிடலாம். முதல் வாரத்துக்கு என்ன, அப்புறம் என்ன, எதை எப்படி வெட்டுவது, பெயர்ந்தால் என்ன செய்வது, இவ்வளவு இருந்தால் போதும். அதை உங்கள் நாளிதழ் வாங்கி, வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டும்படி கட்டம் போட்டு அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜூலை முதல் வாரத்துக்குள் வந்தால் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுகிற வீடுகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்,
அம்மாபேட்டை, சேலம்.